கல்லைக் கேட்ட ஆலை

கோலார் தங்கவயல் 2001-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 28-ந் தேதி மூடப்பட்டபின், பிழைப்பு நாடி வேலம்பாளையம் வந்து சேர்ந்தது எங்கள் குடும்பம். பொன் அரைத்த கைகள் பனியன் பின்னத் தொடங்கின.

சென்ற விடுமுறையில் என் தமையனார், எங்கள் சிறு பட்டறையிலுள்ள நான்கு பழைய பின்னல் யந்திரங்களையும் விற்று, கடன்பட்டுப் பெரிய யந்திரமொன்று வாங்க எண்ணினார். பெரியதே சிறந்ததென நானும் உடன்பட்டேன். தங்கவயல் ஆலையில் உழைத்து ஓய்ந்த எங்கள் பாட்டனார் மாத்திரம் சிரித்து, தங்கக்கல் அரைக்கும் விதங்களை எடுத்துரைத்தார்.

தங்கம் பெரும்பாலும் கல்லினுள் நுண்துகளாய் ஒளிந்திருப்பது. கல்லைப் பொடியாக்கினாலன்றிப் பாதரசமேனும் சயனைடு நீரேனும் அதனைப் பற்றவியலாது. முற்காலத்தது உலக்கையாலை. இரும்பு உலக்கைகள் ஐந்தைந்தாய் அணிவகுத்து நின்று, சுழலும் தண்டினால் உயர்த்தப்பட்டு, தம் பாரத்தாலே விழுந்து கல்லை இடிக்கும். ஓசை பெரிது, நுண்மை குறைவு. எனினும் ஓர் உலக்கை பழுதுற்றால் அதனை மாத்திரம் தூக்கி நிறுத்தி, மற்றவற்றை ஓட்டலாம்.

பின் வந்தது குண்டாலை. படுக்கையாய்ச் சுழலும் உருளையினுள் எஃகுக் குண்டுகள் கல்லோடு உயர்ந்து விழுந்து அதனை மாவாக்கும். வேகத்திற்கும் எல்லையுண்டு. 4 மீட்டர் விட்டமுள்ள உருளை நிமிஷத்திற்கு ஏறக்குறைய 21 சுற்றுச் சுற்றினால், குண்டுகள் சுவரோடு ஒட்டிச் சுழலுமேயன்றி விழமாட்டா. ஆதலின் அவ்வேகத்தில் முக்கால் பங்களவே கொள்வர்.

இக்காலத்துப் பேராலைகள் சில 10 மீட்டருக்கும் மேற்பட்ட விட்டமுடையன. அவற்றுள் பெருங்கற்களே சிறுகற்களை அரைக்கும், குண்டுகள் துணைமாத்திரமே. பல யந்திரங்களின் வேலையை ஒன்றே செய்யும், ஆட்செலவும் குறையும். ஆனால் கல்லின் கடினம் மாறினால் அரைபடும் அளவும் மாறும். உட்தகடு தேய்ந்து மாற்றும் நாளில் வேலை முழுதும் நிற்கும். கோலாருக்கு 1902-ல் சிவசமுத்திரத்துக் காவிரி மின்சாரம் வந்தது. இக்காலத்துச் சுரங்கத் தொழிலின் மின்சாரத்தில் ஒரு பெரும்பங்கை விழுங்குவது இவ்வரைப்பு வேலை.

"இவற்றுள் எது சிறந்தது, தாத்தா?" என்றேன்.

"கல்லைக் கேள், தம்பி. நாள்தோறும் போடுவதற்கு எவ்வளவு கல் உண்டு? ஆலை நின்றால் எத்தனை நாள் பசி பொறுப்பீர்கள்? இவ்விரண்டிற்கும் விடை தெரிந்தபின் ஆலையைத் தேர்ந்துகொள்" என்றார்.

அன்றிரவே தமையனார் கணக்கேட்டை எடுத்தார். எங்களுக்கு வரும் ஆர்டர்கள் பெரிய யந்திரத்தை மாதத்தில் பாதி நாளே ஓட்டும். கடன் வட்டியோ மாதம் முழுதும் ஓடும். ஆகவே இரண்டை மாத்திரம் விற்று, நடுத்தரமான ஒன்றை வாங்கினோம். எஞ்சிய பழையன இரண்டும் பின்னும் துணி சிறிது முரடே, மறுப்பதற்கில்லை. ஆயினும் புதியது பழுதுற்று ஒன்பது நாள் நின்றபோது, தவணைக்கும் அடுப்பிற்கும் வழி செய்தவை அவ்விரண்டே.

பாட்டனார் அதுபற்றி ஒரு வார்த்தையும் பேசினாரில்லை. பௌதிகம் பயிலும் நம் கல்லூரி நண்பர்கள், யந்திரத்தின் பருமனை அளக்குமுன் கல்லை அளக்கும் அம்முதியவர் கணக்கையும் நினைவிற் கொள்வாராக.