பஸ்ஸில் வந்திறங்கிய ஆனி

விடிய நாலரை மணி. வெள்ளவத்தையில் காலி வீதி நனைந்து கிடக்கிறது. பூட்டிய நகைக்கடையின் படியில் நாலைந்து பேர் நிற்கிறார்கள். சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், தலையில் துவாயைப் போர்த்துக்கொண்ட ஓர் அம்மா, காதிலிருந்து போனை எடுக்காத ஓர் இளைஞன். யாழ்ப்பாண பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஆட்கள் எவரும் அதில் வரவில்லை. பெட்டி வருகிறது.

பஸ் வந்து ஓரங்கட்டியதும் ஒரு பெடியன் குதித்து இறங்கி, அடிப்பக்கத்துக் கதவை மேலே தூக்குகிறான். டீசல் மணத்தை முந்திக்கொண்டு மாம்பழம் மணக்கிறது. இரவு முழுக்க ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் இருட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த மணம். நித்திரைக் கலக்கத்தில் இறங்கும் பயணிகள்கூட ஒரு கணம் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் ஓட்டோ தேடுகிறார்கள்.

பிஸ்கற் பெட்டி, சோப் பெட்டி, உரப்பை. நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலே பெயரும் போன் நம்பரும் எழுதியிருக்கிறது. காற்றுப் போகட்டும் என்று பக்கங்களில் கத்தியால் துளை போட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்கிறார் பெரியவர்.

"இன்னும் பழுக்கேல்லை, ஐயா. ரெண்டு நாள் அரிசிக்குள்ள வையுங்கோ" என்கிறான் பெடியன்.

"எனக்குச் சொல்லித் தாறியோ தம்பி?" என்கிறார் அவர். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். பெட்டியைத் தோளில் ஏற்றும்போது அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அவர் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

கறுத்தக்கொழும்பான். விலாட்டும் அம்பலவியும் செம்பாட்டானும் வருகின்றனதான். ஆனாலும் இந்தப் படிக்கட்டில் நிற்கிறவர்கள் பெட்டியைத் திறந்ததும் தேடுவது கறுத்தக்கொழும்பானை. பழுத்த பிறகும் அதன் தோல் பச்சையை முழுதாக விடுவதில்லை. உள்ளே கத்தி போனால் செம்மஞ்சள். கொழும்பின் பெயரைச் சுமந்த மாம்பழம் யாழ்ப்பாணத்து வளவுகளில் காய்த்து, பஸ் ஏறிக் கொழும்புக்கு வருகிறது. தன் பெயருள்ள ஊரைப் பார்க்க வருடத்துக்கொருமுறை வருகிற விருந்தாளி என்று நினைத்துக்கொள்வேன். காலையில் புட்டு அவித்து, இந்தப் பழத்தில் இரண்டு கன்னம் வெட்டிப் பிசைந்து உண்ணும் வீடுகள் இந்த ஒழுங்கைகளில் எத்தனையோ. கொட்டை, வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளைக்கு.

இந்தப் பெட்டிகள் வராத வருடங்களும் இருந்தன. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, 2009 வரை அந்த வழியால் பஸ் இல்லை. ரயில் 1990இலேயே நின்றுபோயிருந்தது. யாழ்ப்பாணம் வரை அது திரும்பவும் போக 2014 ஒக்ரோபர் ஆகிவிட்டது. அந்நாட்களில் வடக்கே மரங்கள் காய்க்காமல் விடவில்லை. அதனால்தான் விடியற்காலையில் கயிற்றுக் கட்டோடு ஒரு பெட்டி கைக்கு வருவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

கொழும்பில் பருவம் மண்ணில் தெரிவதில்லை. எங்கிருந்தோ வந்து இறங்குகிறது. இந்த ஆனியில் முதலில் இறங்கியது காற்று. சோழகம் என்பார்கள் யாழ்ப்பாணத்தார். தென்மேற்குக் கடலிலிருந்து வருகிற அந்தக் காற்று தன் மழையை இந்தக் கரையிலேயே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு வடக்கே போகிறது. இங்கே குடை, அங்கே வெயில். அந்த வெயிலில்தான் மாங்காய் முற்றுகிறது. நான் நனைந்த மழைக்கும் பெரியவர் தோளில் ஏற்றிய பெட்டிக்கும் அப்படி ஓர் உறவு உண்டு.

மாலையில் மரைன் டிரைவுக்குப் போனால் கடல் பழுப்பு நிறத்தில் கொந்தளித்தபடி இருக்கும். கடலுக்கும் வீதிக்கும் நடுவே ரயில் பாதை. அலையைத் தடுக்கப் போட்ட கருங்கற்களின்மேல் சோடி சோடியாக ஆட்கள். மாங்காய் அச்சாறு விற்பவர் பொலித்தீன் விரிப்பைக் கல் வைத்து அமர்த்தியிருக்கிறார். காற்று அதன் ஓரத்தை விடாமல் அடிக்கிறது. ஒபிஸ் முடிந்து பாணந்துறைப் பக்கம் போகிற ரயில், வாசல்களில் ஆட்கள் தொங்க வருகிறது. சரியாக அந்த நேரம் பெரிய அலையொன்று கல்லில் மோதி எழும்பி, தூவானம் பெட்டிகள்மேல் விழுகிறது. தொங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஓ" என்று கத்துகிறார்கள். நாள் முழுக்கக் கோப்புகளோடு இருந்துவிட்டு வருகிறவர்கள். நரைத்தவர்களும் கத்துகிறார்கள். அடுத்த நாளும் அதே நேரத்துக்குப் போய் அதே கல்லில் உட்கார்ந்தேன்.

ஆனி பிறக்க இரண்டு நாள் முன்னதாக, ஜூன் 13, கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். கொட்டாஞ்சேனைக்கு அதுதான் வருடத்தின் பெரிய மாலைப்பொழுது. பின்னேரமே வாசல்களைக் கழுவிவிட்டார்கள். ஜம்பட்டா வீதியின் மாடிகளிலிருந்து கலர் பல்புகள் கொடிபோல் தொங்கின. கதவோரத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் வெள்ளைத் துணி, அந்தோனியார் படம், மெழுகுவர்த்தி. காற்றுக்கு அணையாதிருக்க ஒரு சிறுமி இரண்டு கைகளையும் குவித்துப் பிடித்தபடி நின்றாள். அந்தோனியாரின் சுருவம் ஊர்வலமாக அந்த வழியால் வருகிறவரை அவள் கையை எடுக்கவில்லை. நெற்றியில் திருநீறோடு வந்தவர்கள், வெள்ளை உடுத்த சிங்களப் பெண்கள், தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்ட தகப்பன்மார். யார் எந்தச் சமயம் என்று இந்தக் கூட்டத்தில் எவரும் பார்ப்பதில்லை.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை, இந்த அந்தோனியார் ஆலயத்துக்குள் குண்டு வெடித்தது. திருத்தி முடித்து ஆலயத்தை மறுபடி திறந்தது அதே வருடம் ஜூன் 12, திருநாளுக்கு முந்தின நாள். இம்முறை சுருவம் கடந்துபோகும்போது என் பக்கத்தில் நின்ற ஒரு வயதான பெண் சத்தமில்லாமல் அழுதார். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேரனுக்குக் கடலைச் சுருள் வாங்கிக் கொடுத்தார்.

ஆலய வாசலில் பூ விற்ற ஒரு பெண்ணை அன்று கவனித்திருந்தேன். மூக்குத்தி, மஞ்சள் சேலை, மாலையை அளக்க முழங்கையை நீட்டும் விதம். ஆனி உத்தரத்தன்று பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போனபோது, வாசலில் அதே பெண், அதே முழங்கை. நடராசருக்கு ஆண்டில் ஆறு அபிஷேகம். அதில் ஒன்று அன்றைக்கு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்த கோயில் அது. மழை நாளில் உள்ளே கால் வைத்தால் கல்லின் குளிர் பாதத்தில் ஏறும். பூக்காரிக்கு அந்தோனியாரும் நடராசரும் இரண்டு தெரு தள்ளி இருக்கும் இரண்டு வாடிக்கைக்காரர். இருவருக்கும் ஒரே கவனத்தோடு கட்டுகிறாள்.

ரம்புட்டானும் வந்தது. மல்வானைப் பழம் என்று கூவி, நடைபாதையில் சிவப்பாகக் குவித்திருந்தார்கள். ஒபிஸ் போகிற பெண்கள் பத்துப் பழம் வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார்கள்.

ஆனால் இந்த மாதத்தில் நான் மறக்காத காட்சி, கொட்டாஞ்சேனையின் ஓர் ஒழுங்கையில், ஒரு சனிக்கிழமை இரவு. நாலு பெடியன்கள் கரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ப் பீப்பாய்மேல் பலகை. வீட்டு ஜன்னலால் வயர் இழுத்து மேலே ஒரு பல்பு. சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்கள். ஒரு மேசன், இன்னும் சீமெந்து உதிரும் கால்களோடு, ஒவ்வொரு அடிக்கும் தலையை ஆட்டினார். 2012இல் கரம் உலகச் சம்பியனான நிஷாந்த பெர்னாண்டோவின் நாடு இது. ஆட்டத்தைப் பார்க்கிறவர்களும் ஆட்டம் தெரிந்தவர்கள். ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு. பலகையில் மிஞ்சியிருந்தது ஏழு காய். சிவப்பு இன்னும் விழவில்லை.

மழை இரைந்துகொண்டு வந்தது. ஓடுவார்கள் என்று நினைத்தேன். ஓடவில்லை. ஒருவன் சேட்டைக் கழற்றிப் பலகைக்கு மேலே கூடாரம்போல் பிடித்தான். நாலு மூலையிலும் நாலு பேர் கை கொடுத்துப் பலகையைத் தூக்கினார்கள். "மெதுவா. மெதுவாடா" என்றார் மேசன். நிரம்பிய கிண்ணத்தில் தண்ணீரைச் சுமக்கிறவர்கள்போல, ஒரே மட்டத்தில், அடிக்கு அடி எண்ணி நடந்து, எதிரே இருந்த கடையின் தகரத் தாழ்வாரத்துக்குள் போனார்கள். மேசன் பீப்பாயை உருட்டிக்கொண்டு பின்னால் போனார். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. குனிந்து பார்த்தார்கள். ஏழு காயும் இருந்த இடத்தில் இருந்தன. அவர்கள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை, சிவப்பு விழுந்தபோதுகூட நான் காணவில்லை.

ஜூலை 17, ஆடிப்பிறப்பு. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் காலையிலிருந்தே பனங்கட்டி கரையும் மணம். யாழ்ப்பாணத்தில் ஆடிக்கூழ் குடிப்பது பிலாவிலையைக் கோலி. நாலாம் மாடி அம்மம்மாவுக்குக் கரண்டியில் குடித்தால் அது கூழே இல்லை. அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், தேங்காய்ச் சொட்டு எல்லாம் கடையில் கிடைத்துவிட்டன. இலை மட்டும் எந்தக் கடையிலும் இல்லை.

மேலிருந்து பார்த்தேன். அம்மம்மாவின் பேரப்பிள்ளை ஒழுங்கைக்கு வந்து, மூன்றாம் வீட்டு மதிலுக்குள் நின்ற பலாமரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். ஒரு சிங்களக் குடும்பத்தின் வீடு அது. வீட்டுக்காரர் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். பையன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. உள்ளங்கையைக் குழித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினான். அவர் உள்ளே போய்க் கொக்கத்தடியோடு வந்தார். ஒரு சிறு கொப்பை வளைத்து, முற்றாமலும் இளசாகாமலும் பார்த்துப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு இலை பறித்துக் கொடுத்தார்.

பின்னேரம் அதே கேற்றருகே பையன் மறுபடி நின்றான். ஒரு கையில் மூடி போட்ட தூக்குச்சட்டி. மற்றக் கையில், ஈர்க்கால் குத்திக் கோலிய நாலு பிலாவிலை.