கேலப்பில் முழுகிப்போன நகைகள்!

கேலப் என்ற ஊருக்கும் குதிரைப் பாய்ச்சலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரயில் பாதை போட்ட காலத்தில் தொழிலாளர்களுக்குச் சம்பளப் பட்டுவாடா செய்த ஒரு மனிதரின் பெயர் அது. ‘கேலப்புக்குப் போறேன்’ என்றால் ‘சம்பளம் வாங்கப் போறேன்’ என்று அர்த்தமாம். ஒண்ணாம் தேதிக்காகவே உயிர் வாழும் நம்மைப் போன்ற ஜீவன்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் உலகத்தில் உண்டா!

அமெரிக்காவில், நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், அல்புகர்க்கியிலிருந்து மேற்கே சுமார் 220 கிலோமீட்டர். ஆபீஸ் வேலையாக அல்புகர்க்கி போனவன், சனிக்கிழமை ஓட்டல் அறையில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சிவப்புப் பாறை. நவஹோ இந்தியர்களின் பூமி கேலப்பை ஒட்டியே விரிகிறது.

மெயின் ரோடு, புகழ்பெற்ற பழைய ‘ரூட் 66’. தடுக்கி விழுந்தால் நகைக் கடை! எல்லாம் வெள்ளி. அதில் பதித்த டர்க்காய்ஸ் கல், மயில் கழுத்தில் கொஞ்சமும் வானத்தில் கொஞ்சமும் எடுத்துக் குழைத்த மாதிரி நீலப்பச்சை.

“இது எத்தனை கிராம்?” என்றேன், ஒரு கைவளையைக் காட்டி. கடைக்காரர் சிரித்தார்.

“எடையைக் கடைசியில பார்க்கலாம். முதல்ல திருப்பிப் பாருங்க.”

திருப்பினேன். அங்கேதான் பாடம் ஆரம்பம்.

பழைய நவஹோ நகை, நாணயத்தை உருக்கி அடித்தது. அமெரிக்க டாலர், மெக்ஸிகோ பெஸோ இரண்டுமே பொற்கொல்லர் உலையில் விழுந்தன. ‘1880-ம் வருஷத்து நகை சார்’ என்று சொல்லி, பின்னால் ‘ஸ்டெர்லிங்’ முத்திரை இருந்தால் சந்தேகப்படுங்கள். செய்தவர் பெயர் இல்லையே என்று முகம் சுளிக்கவும் வேண்டாம். கையெழுத்து முத்திரை பரவலானது 1970-களில்தான்.

அடுத்து, முன்பக்கப் பூவேலை. கையால் உளி வைத்துத் தட்டியதென்றால் ஒரு பூ மூக்கு தூக்கலாக, ஒன்று லேசாகச் சாய்ந்து இருக்கும். எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே சீராக இருந்தால், அடித்தது மிஷின்! தக்கையாக, அம்பும் பறவையும் பொறித்து இருந்தால், அது பெரும்பாலும் ரயில் பயணிகளுக்காகச் செய்த ரகம். ஃப்ரெட் ஹார்வி கம்பெனி 1899-லிருந்து ஆர்டர் கொடுத்துச் செய்ய வைத்தது. இப்போது அதையும் தேடி வாங்குகிற பைத்தியங்கள் இருக்கிறார்கள்.

கல்லில்தான் தில்லுமுல்லு அதிகம். பிளாஸ்டிக் உண்டு. சாயம் தோய்த்த வெள்ளைக் கல் உண்டு. பொடியாத அளவுக்குப் பிசின் ஏற்றிய நிஜக் கல்லும் உண்டு. அது போலி இல்லை. ஆனால் இயற்கைக் கல்லின் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். சுரங்கத்தின் பெயருக்கும் விலை உண்டு. அரிஸோனாவின் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ சுரங்கத்தில் 2012-ல் டர்க்காய்ஸ் எடுப்பதை நிறுத்தினார்கள். அந்தக் கல்லின் விலை கிடுகிடுவென்று ஏறிவிட்டது.

“முக்கியமா, பாலீஷ் போடாதீங்க. அந்தக் கறுப்புதான் வயசுக்கு சாட்சி” என்றார் கடைக்காரர். நம் வீட்டு அம்மணிகள் கையில் புளியோடு நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது!

இந்த வேலை நவஹோக்களுக்கு வந்த கதை சோகமானது. அட்ஸிடி ஸானி என்ற பெரியவர் ஒரு மெக்ஸிகோ கொல்லரிடம் உலோக வேலை கற்றார். 1864-ல் ராணுவம் நவஹோ மக்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே சிறைமுகாமுக்கு ஓட்டிச் சென்றது. 1868-ல் சொந்த மண்ணுக்குத் திரும்பிய பிறகுதான் வெள்ளி வேலை செழித்தது. கல் பதிப்பது 1880 வாக்கில் வந்தது. பாங்க் இல்லாத மக்களுக்கு நகைதான் பாஸ்புக். கம்பளி விற்கும் வரை அடகு, காசு வந்ததும் மீட்பு.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு நவஹோ பாட்டி வந்தார். கைப்பையிலிருந்து கசங்கிய டாலர்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். கடைக்காரர் உள்ளேயிருந்து வெள்ளி வில்லைகள் கோத்த பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பாட்டி தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“மீட்கலையா?”

“வட்டிதான் கட்டினாங்க. அவங்க அம்மாவோடது.”

வட்டியும் கட்ட முடியாதவர்களின் நகை முன்பக்க ஷோகேஸுக்கு வந்துவிடுகிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘செத்த அடகு’. நம் ஊர் பாஷையில், முழுகிப் போச்சு! ‘பழைய அடகு நகை’ என்ற சீட்டுக்கே கிராக்கி என்பதால், நேற்றுச் செய்ததிலும் அந்தச் சீட்டைக் கட்டுகிற ஆசாமிகள் உண்டு. சீட்டை நம்பாதீர்கள், நகையைப் பாருங்கள்.

நான் வாங்கியது புது வளையம். செய்தவர் பெயர், இனம், கல் இயற்கையா என்பதெல்லாம் ரசீதில் எழுதச் சொல்லி வாங்கினேன். இந்தியர் செய்யாததை இந்தியர் செய்தது என்று பொய் சொல்லி விற்றால், 1990-ம் வருஷச் சட்டப்படி முதல் தடவைக்கே இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை ஜெயில்.

ரசீதை இரண்டு முறை படித்தேன். செய்கூலிதான் முக்கால்வாசி. சேதாரம் என்று ஒரு வரிகூட இல்லை.

சேதாரமெல்லாம், நகை முழுகிப் போனவர்கள் கணக்கில்!