ஒரே கிழங்கு... ஊருக்கு ஒரு பெயர்! தாம்பரம் தள்ளுவண்டியில் ஒரு மாலை

மாலை 6 மணி. தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம், ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு தள்ளுவண்டி. மண் உதிராத கிழங்குகள் குவிந்து கிடக்கின்றன.

"மரவள்ளி அரை கிலோ குடுப்பா" என்கிறார் ஓர் அக்கா. அடுத்து நின்ற சேலத்துக்காரர், "குச்சிக்கிழங்கு என்ன விலைங்க?" என்கிறார். இருவர் பையிலும் விழுந்தது ஒரே கிழங்கு!

எங்கள் திருநெல்வேலி வீட்டில் இதன் பெயர் ஏழிலைக்கிழங்கு. படிக்க வந்த புதிதில் விடுதியில் அப்படிச் சொல்லப்போய், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து நானும் 'மரவள்ளி'க்கு மாறிவிட்டேன். ஒருநாள் போனில் ஆச்சியிடமும் அதே பெயர் வாயில் வந்துவிட்டது. "அது என்ன கிழங்குளா?" என்றார் ஆச்சி. எனக்குச் சுருக்கென்றது.

உண்மையில் எந்தப் பெயரும் தப்பில்லை. விரல் விரித்தாற்போல் ஏழாகப் பிரிந்த இலையைப் பார்த்தவர்கள் ஏழிலைக்கிழங்கு என்றார்கள். தண்டைக் குச்சியாக வெட்டி நடுகிறவர்களுக்கு அது குச்சிக்கிழங்கு.

மரவள்ளி? 'வள்ளி' என்றால் கொடி. நம் காடுகளின் பழைய வள்ளிக்கிழங்கு கொடியில் விளைவது. அந்தக் கிழங்கை அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தைக்குத்தான் வள்ளி என்று பெயர் வைத்தார்கள் என்கிறது புராணம். காட்பாடியை அடுத்த வள்ளிமலையில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை அது. தாம்பரத்திலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி, குரோம்பேட்டை குமரன் குன்றத்தில் இருக்கும் முருகனின் வள்ளியேதான்!

பிற்பாடு போர்ச்சுக்கீசியர் வழியாகத் தென் அமெரிக்கக் கிழங்கு ஒன்று வந்தது. கொடியாகப் படராமல், மரம்போல் ஆள் உயரத்துக்கு நின்றது. அதனால் மரவள்ளி. அமெரிக்காவிலிருந்தே வந்த இன்னொன்று கொடியாகப் படர்ந்து இனித்தது. அது சர்க்கரைவள்ளி. வெளியூரிலிருந்து வந்த இரண்டுக்கும் நம்மூர்ப் பெயரைச் சூட்டி வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம். அப்படியிருக்க, நான் மட்டும் ஏன் என் ஊர்ப் பெயரை விட்டேன்?

"ஏழிலைக்கிழங்கு ஒரு கிலோ குடுங்கண்ணா."

வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "திருநெல்வேலி பக்கமாம்மா?" என்றபடி தராசில் அள்ளிப் போட்டார். சிரிக்கவில்லை.

ரயிலில் ஏறியதும் போன் போட்டேன். "ஆச்சி, ஏழிலைக்கிழங்கு வாங்கிருக்கேன்."

"தோலை நல்லா உரிச்சிட்டு, மூடாம அவி. அவிச்ச தண்ணிய கீழ ஊத்திரணும், என்ன?"

ஆச்சி சொன்னதில் விஷயம் இருக்கிறது. இந்தக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு. தோலில் அது அதிகம். நீங்களும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்!