மூணாவது பிளக்

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனது. அந்த வண்டிகளை இன்னமும் கைவிடாமல் பார்க்கும் ஒரு பட்டறை கோவை மேட்டுப்பாளையம் சாலைப் பக்கம் இருப்பதாகச் சொல்லி, நண்பர் அழைத்துப் போனார். பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். நாங்கள் போனபோது வெள்ளை 800 ஒன்று நின்றது. காலையில் செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரியே இறங்கிவிடுகிறது, கிளம்பினாலும் மிஸ்ஸிங் என்றார் வண்டிக்காரர்.

பட்டறைக்காரர் இன்ஜினை ஓடவிட்டு, கையுறையோடு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் இரண்டையும் எடுத்தபோது இன்ஜின் தடுமாறியது. மூன்றாவதை எடுத்தபோது ஒரு மாற்றமும் இல்லை.

"இவந்தானுங்க வேலை செய்யாம உக்காந்திருக்கறான்."

மூன்று சிலிண்டரில் ஒன்று படுத்துவிட்டால் வண்டி உதறாமல் என்ன செய்யும்?

பிளக்குகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டின் முனை காப்பிப்பொடி நிறம். அதுதான் நல்ல பிளக். மூன்றாவது கறுத்து, எண்ணெய் மினுங்கியது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைத் தாண்டவேண்டிய மின்சாரம், பீங்கான்மேல் படிந்த கரி வழியாக பிளக்கின் உடம்புக்கே இறங்கிவிடும். பிறகு பொறி ஏது? குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோலும் சரியாக ஆவியாகாது என்பதால்தான் காலையில் இந்தப் பாடு. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே வீணாகிறது. புதிய வண்டிகளில் கேட்டலிடிக் கன்வெர்டரையும் கெடுக்கிறது.

கரி உலர்ந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டியிலும் இப்படி ஆகும். முனை ஏறக்குறைய 500 டிகிரி சூடானால்தான் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஈரமாக எண்ணெய் இருந்தால் சங்கதி வேறு.

இவ்வளவையும் சொல்லும் பிளக்கைப் பல இடங்களில் பார்க்காமலே குப்பையில் எறிகிறார்கள். புது செட் போட்டால் உதிரிபாகக் கடையிலிருந்து கமிஷன் வரும். காரணத்தைத் தேடினால் என்ன வரும்? போலிப் பிளக்குகளும் அசல் பெட்டியில் வந்து அதே விலைக்குப் போகின்றன. காரணம் உள்ளேயே இருப்பதால் கோளாறு திரும்ப வரும், பில்லும் திரும்ப வரும். நோயைக் கண்டுபிடித்தவருக்குக் கூலி கொடுக்க மட்டும் நமக்கு மனம் வருவதில்லை. இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

பட்டறைக்காரர் கம்ப்ரஷன் கேஜை மூன்றாவது துளையில் மாட்டி செல்ஃப் அடிக்கச் சொன்னார். முள் பாதியிலேயே நின்றது. துளைக்குள் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அடித்தபோது மேலே ஏறியது.

"வால்வு இல்லீங்க, ரிங்குதான் போயிருச்சு. இன்ஜினை இறக்கோணும்."

வண்டிக்காரர் கையில் இப்போது பணமில்லை என்றார். இவர் பிளக்கைப் பெட்ரோலில் கழுவி, பித்தளை பிரஷால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்து மாட்டினார்.

"இது கொஞ்ச நாளைக்குத்தானுங்க. மறுபடி அடைக்கும், அப்பக் கழட்டித் தொடச்சுக்கலாம். வாராவாரம் ஆயில் அளவு பாருங்க. பணம் சேர்ந்ததும் வாங்க, இறக்கிரலாம்."