பாலத்தில் ஒரு மணி நேரம்

ஜோகூர் கடற்பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். நிதானமாக நடந்தாலே கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை காரில் போனால் அதே தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் அந்தக் கணக்கும் பொய்த்துப்போகும். சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு, மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை ஜோகூர் பாருவில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகிறவன் நான். இந்த வரிசைதான் எனக்கு ஜெப அறை. சொன்னால் அலுவலகத்தில் சிரிப்பார்கள்.

பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனி என்று ஒன்பது குணங்களைச் சொல்கிறார். நான்காவது, பொறுமை. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் உள்ள சொல் ‘மக்ரோதுமியா’. கோபம் வருவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொள்வது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். கோபமே வரக்கூடாது என்று அது கேட்கவில்லை. கோபமும் எங்காவது நெரிசலில் மாட்டிக்கொண்டு தாமதமாக வரட்டும் என்கிறது. சாலையில் இருப்பவனுக்கு இதைவிட உதவியான விளக்கம் கிடையாது.

சபைகளில் சிலர் சாட்சி சொல்வார்கள்: “அன்று நெரிசலில் மாட்டிக்கொண்டேன், அதனால் முன்னால் நடந்த விபத்தில் இருந்து ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார்.” அவர்களுடைய நன்றியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், அந்த விபத்தில் சிக்கியவருக்கும் வீட்டில் ஜெபிக்கிற ஒரு தாய் இருந்திருப்பாரே? எனக்கு மட்டும் கிடைத்த சலுகையாக எண்ணி நன்றி சொல்வது என் மனதுக்கு ஒட்டவில்லை.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் வருகிற யவீருதான் எனக்கு நெருக்கமானவர். அவருடைய 12 வயது மகள் சாகும் தறுவாயில் இருக்கிறாள். இயேசுவை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு விரைகிறார். வழியெல்லாம் கூட்ட நெரிசல். அந்த நேரம் பார்த்து இயேசு நின்றுவிடுகிறார். 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வருந்திய ஒரு பெண் அவருடைய உடையைத் தொட்டிருக்கிறாள். அவளைத் தேடுகிறார், அவள் சொல்வதைக் கேட்கிறார். அதற்குள் மகள் இறந்துவிட்டாள் என்று செய்தி வந்துவிடுகிறது. அந்தத் தாமதத்தின்போது யவீரு பேசியதாக ஒரு வார்த்தைகூட அங்கே எழுதப்படவில்லை. இயேசு பிறகு போய் அந்தச் சிறுமியை எழுப்பினார் என்பது நமக்குத் தெரியும். தெருவில் நின்றுகொண்டிருந்தபோது யவீருவுக்கு அது தெரியாது.

2020 மே மாதம் என் அப்பா ஜோகூர் பாருவில் இறந்தார். மார்ச் 18 முதல் எல்லை மூடிக் கிடந்தது. நான் பாலத்தைக் கடந்திருந்தாலும் 14 நாள் தனிமைப்படுத்தல். அதற்குள் அடக்கம் முடிந்திருக்கும். கைபேசித் திரையில்தான் பார்த்தேன். இணைப்பு இரண்டு முறை அறுந்தது. மறுநாள் மாலை உட்லண்ட்ஸ் நீர்முகப்பில் போய் நின்றேன். எதிர்க்கரையில் கட்டடங்களில் விளக்கு எரிந்தது. பாலத்தில் எப்போதாவது ஒரு லாரி போனது. நெரிசல் இல்லாத பாலத்தை அன்றுதான் பார்த்தேன். அப்படி ஒரு பாலத்தை மறுபடி பார்க்க எனக்கு ஆசை இல்லை.

2021 நவம்பர் 29 அன்று தரைவழிப் பயணம் பேருந்துகளில் மட்டும் மெல்லத் தொடங்கியது. 2022 ஏப்ரல் 1 அன்று கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் வழி திறந்தது. முதல் வாரத்தில் நானும் வரிசையில் நின்றேன். முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிவதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. இத்தனை பேரும் வீட்டுக்குப் போகிறார்கள், வழி திறந்திருக்கிறது என்பதற்கு அந்த விளக்குகளே அத்தாட்சி.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். கார் நிற்கும்போதெல்லாம் முன்னால் உள்ள வண்டியில் இருப்பவருக்காக ஒரு சிறு ஜெபம். எண் பலகை ‘ஜே’ என்று தொடங்கினால் ஜோகூர்க்காரர், வேலை முடிந்து போகிறவராக இருக்கலாம். மழை பெய்தால் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக. விடியும் முன்பே எழுந்து பாலம் கடக்கிறவர்கள் அவர்கள். மாலையில் நனைந்துகொண்டே திரும்புவார்கள். நான் குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்திருக்கிறேன். வரிசையை வெட்டி நுழைகிறவருக்கான ஜெபம் மட்டும் சற்றுச் சுருக்கமாக இருக்கும்.

எப்படியும் இடையில் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்துவிடும்.

“தம்பி, பாலத்துல ஏறிட்டியா?”

“இன்னும் இல்லம்மா. இந்தப் பக்கம்தான் நிக்கிறேன்.”

“சரி, அவசரப்படாம வா. நான் தோசைக்கல்லை இன்னும் அடுப்புல வைக்கல.”