அகோமாக்காரர்கள் கொடுத்த இடம்

அன்புள்ள மாப்ளைக்கு,

கிராண்ட் கேன்யனுக்குப் போகிற வழியில் இருக்கிறோம். அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு உனக்கு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி தங்கிய இடத்தைப் பற்றி இன்றைக்கே எழுதாவிட்டால் சூடு ஆறிவிடும். நாங்கள் தங்கியது ஒரு கேசினோவின் வண்டி நிறுத்துமிடத்தில். பதறாதே, முழுக்கப் படி.

மகன் வாடகைக்கு எடுத்திருப்பது இருபத்தைந்து அடி நீள ஆர்.வி. டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே அடுப்பு, ஃபிரிட்ஜ், கட்டில், கக்கூஸ், ஒரு ஆள் நின்று குளிக்கிற அறை எல்லாம் இருக்கிறது. இந்த வண்டிகள் தங்குவதற்கென்றே வழி நெடுக ஆர்.வி. பார்க்குகள். அங்கே கம்பத்தில் கரன்ட் பிளக், குழாயில் தண்ணீர், தரையில் சாக்கடைத் துளை. மூன்றையும் மாட்டிக்கொண்டால் வேண்டிய மட்டும் ஏசி போடலாம், குளிக்கலாம். இதைத்தான் ஹுக்கப் என்கிறார்கள். ஒரு ராத்திரிக்கு ஐம்பது, அறுபது டாலர் ஆகிவிடும். இணைப்பு எதுவும் இல்லாமல், வண்டியில் இருப்பதை வைத்தே பொழுதைக் கழித்தால் அது டிரை கேம்பிங். நெடுஞ்சாலை ஓரத்துக் கேசினோக்கள் பலவற்றில் அதற்கு இடம் தருகிறார்கள். பெரும்பாலும் காசு கேட்பதில்லை. செக்யூரிட்டியிடம் போய்ச் சொல்லி, வண்டி நம்பரைக் கொடுத்து, அவர்கள் காட்டுகிற மூலையில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு ராத்திரி, மிஞ்சினால் இரண்டு.

கேசினோ என்றதும் உன் தங்கச்சி முகம் மாறிவிட்டது. ஆன்லைன் ரம்மியில் காசை விட்டுத் தூக்கில் தொங்கியவர்கள் செய்தியைப் பேப்பரில் படித்துப் படித்து, 2022-இல் சட்டசபையில் தடைச் சட்டம் வந்தபோது மீனாட்சிக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தவள் அவள். எனக்கும் மனசு ஒப்பவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் மிஷின் வரிசைக்கு நடுவே நடந்துதான் ஆக வேண்டும். நம் வயசுக்காரர்கள்தான் அதிகம். யாரும் யாரோடும் பேசுவதில்லை. பொத்தானை அமுக்குகிறார்கள், திரை சுழல்கிறது, மறுபடி அமுக்குகிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி கைப்பையைத் துழாவிக் கடைசி நோட்டை எடுத்ததைப் பார்த்துவிட்டு உன் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. இடம் நியூ மெக்சிகோ மாநிலம், அல்புகர்க்கியிலிருந்து மேற்கே ஒரு மணி நேர ஓட்டம், ஐ-40 சாலை ஓரம். நிலம் அகோமா பியூப்லோ மக்களுடையது. இந்த நாட்டின் பூர்வகுடிகள். தங்களுக்கென்று அரசு, போலீஸ், நீதிமன்றம் எல்லாம் வைத்திருப்பவர்கள். மாநிலம் அடியோடு தடை செய்யாத சூதாட்டம் பழங்குடி நிலத்தில் நடந்தால் அதில் மாநில அரசு தலையிட முடியாது என்று, கலிஃபோர்னியாவின் கபசோன் மக்கள் வழக்கில் 1987-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மறு வருஷமே இந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அதன்படி லாபத்தை நினைத்தபடி செலவழிக்க முடியாது. பழங்குடி அரசை நடத்த, மக்கள் நலனுக்கு, வளர்ச்சிப் பணிக்கு, தர்மத்துக்கு, பக்கத்து உள்ளாட்சிகளுக்கு என்று வரையறுத்திருக்கிறார்கள். நல்ல நிலத்தையெல்லாம் பறிகொடுத்துவிட்டு மிச்சத்தில் ஒதுக்கப்பட்ட ஜனங்களுக்கு வேறு எந்தத் தொழிற்சாலை வந்தது? அந்தப் பாட்டியின் நோட்டும் உண்மை, இதுவும் உண்மை. இரண்டில் ஒன்றை அழிக்க எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் மிஷினைத் தொடவில்லை. ஆனால் இடம் கொடுத்தவர்கள் கடையில் ஒரு வேளையாவது சாப்பிடுவதுதான் முறை என்று உள்ளேயே சாப்பிட்டோம். இந்த ஊரில் எதைக் கேட்டாலும் சிவப்பா, பச்சையா என்று கேட்கிறார்கள். மிளகாய்ச் சாறைத்தான். சுட்ட பச்சை மிளகாயின் வாசம் மூக்கில் ஏறியதும், டல்லாஸில் மகன் வீட்டில் இத்தனை வாரமாக உப்புச் சப்பில்லாமல் கிடந்த நாக்குக்கு உயிர் வந்தது. உன் தங்கச்சி பீன்ஸில் இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

இனி ராத்திரிக்கு வருகிறேன். மின்வாரியக்காரனான உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்டியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி. நிறைந்திருந்தால் 12.7 காட்டும், 12.1-க்குக் கீழே இறங்க விடக் கூடாது. ஹீட்டர் எரிவது கேஸில்தான், ஆனால் அந்தச் சூட்டை ஊதித் தள்ளுகிற ஃபேன் இழுப்பது பேட்டரியிலிருந்து. இடமோ 6,000 அடி உயரத்துக்கு மேல், அக்டோபர் கடைசி, விடியற்காலையில் தண்ணீர் உறைகிற குளிர். ஃபிரிட்ஜ் கேஸில் ஓடிவிடுகிறது. மைக்ரோவேவும் மிக்ஸியும் ஜெனரேட்டர் போட்டால்தான் ஓடும். காலை இட்லிக்கு உடைத்த தேங்காயை மூடி வைத்துவிட்டு, பொடியே போதும் என்று முடிவாயிற்று. தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர். தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறோம், ஏனென்றால் கழுவிய தண்ணீர் அடியில் இன்னொரு தொட்டியில் சேர்கிறது, கக்கூஸுக்கு மூன்றாவது தொட்டி, எதையும் கண்ட இடத்தில் திறந்துவிட முடியாது. விளக்கு ஒன்று போதும் என்று மருமகளே அணைத்துவிட்டாள். மீட்டரைப் பார்ப்பதும் படுப்பதுமாக இருந்தேன்.

எங்களுக்கு ஒரு பக்கம் குளிர் லாரிகள். சரக்கு கெடாமலிருக்க அவற்றின் இன்ஜின் ராத்திரி பூரா விட்டு விட்டு உறுமும். அது அவர்கள் பிழைப்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன். மறுபக்கம் நின்ற வண்டிதான் என் வயிற்றெரிச்சல். நாற்பதடி நீளம், பஸ் அளவு. பக்கச் சுவரை வெளியே தள்ளி அறையை அகலமாக்கி, பந்தல் இறக்கி, தார்த் தரையில் கம்பளம் விரித்து, நாற்காலி போட்டு, இறைச்சி சுடுகிற அடுப்பையும் வைத்தாயிற்று. வண்டி ஆடாமலிருக்க இரும்புக் கால்களை அடியில் பலகை வைக்காமல் தாரில் அழுத்தி ஊன்றியிருந்தார்கள். ஜெனரேட்டர் மணி பத்தரை ஆகியும் ஓடிக்கொண்டிருந்தது. இதில் அந்த வண்டிக்காரருக்கு ஒரு குறை வேறு: இங்கே ஒரு தண்ணீர்க் குழாயாவது போட்டு வைத்திருக்கலாமே என்று மகனிடம் அலுத்துக்கொண்டார். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது இதுதான். இந்த மாதிரி ஆட்களால்தான் முன்பு இடம் கொடுத்த பல வியாபாரிகள் இப்போது ராத்திரி நிறுத்தக் கூடாது என்று பலகை மாட்டுகிறார்கள். அடுத்து வருகிறவனுக்கும் சேர்த்துக் கதவை அடைத்துவிட்டுப் போகிறார்கள்.

செக்யூரிட்டிக்காரர் டார்ச்சோடு வந்தார். ஐம்பது வயசு இருக்கும், அகலமான தோள், கனத்த ஜாக்கெட். சாயங்காலம் எங்களுக்கு இடம் காட்டியவரும் அவர்தான். குரலை உயர்த்தாமல் அவர்களிடம் ஏதோ சொன்னார். ஐந்து நிமிஷத்தில் ஜெனரேட்டர் நின்றது. பிறகு எங்கள் பக்கம் வந்து, எல்லாம் சௌகரியம்தானா என்று கேட்டார். உன் தங்கச்சி அப்போதுதான் இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்திருந்தாள். ‘பாவம், இந்தக் குளிர்ல நிக்கிறாரு, கூப்புடுங்க’ என்றாள். அவர் உள்ளே வர மறுத்துவிட்டார், டியூட்டி. படிக்கட்டுப் பக்கம் நின்றபடியே டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு குடித்தார். அவர் அகோமாக்காரர். இந்த வேலையில்தான் மகள் காலேஜில் படிக்கிறாள் என்றார். நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார். ஊர் ஊராகக் கம்பி இழுத்து வீட்டுக்குக் கரன்ட் கொடுத்த வேலை என்றேன்.

‘அப்படியா? எங்கள் ஊர் வீட்டுக்கு இன்னும் கரன்ட் கிடையாது’ என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மின்வாரியத்தைவிட்டு வந்து இத்தனை வருஷமாகியும் அந்தப் புத்தி போகவில்லை. எவ்வளவு தூரம் லைன் இழுக்க வேண்டும், பாறையா மண்ணா என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அவர்கள் பழைய ஊர் இங்கிருந்து தெற்கே, சுமார் 360 அடி உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கிற ஒரு பாறை மேட்டின் தலையில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே ஆள் குடியிருக்கிறார்கள். கரன்ட் இல்லை, குழாய் இல்லை, சாக்கடை இல்லை. கீழே இருக்கிற கிராமங்களில் டிவி, இன்டர்நெட் எல்லாம் உண்டு. ஜனங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். மேலே வருஷம் முழுக்க இருப்பது சில குடும்பங்கள் மட்டும். திருவிழா வந்தால் எல்லோரும் ஏறிவிடுவார்கள். வீடு கடைசி மகளுக்குப் போவது அவர்கள் வழக்கம். அவர் பாட்டி வீடு அப்படித்தான் அவர் சித்திக்கு வந்திருக்கிறது. ‘கொண்டுபோக முடியாமல் இல்லை. மேலே அப்படியே இருக்கட்டும் என்று பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள்’ என்றார்.

குடிதண்ணீருக்கு என்ன செய்வீர்கள் என்றேன். இப்போது கீழேயிருந்து கொண்டுபோகிறார்களாம். முன்பெல்லாம் பாறையில் இயற்கையாக அமைந்த பள்ளங்களில் மழைத் தண்ணீரும் உருகிய பனியும் தேங்கும்; அதுதான் ஊருக்கே தண்ணீர். நம் ஊரணியேதான், மாப்ளே. செருப்போடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று உன் அப்பா கரையில் குச்சியோடு நிற்பாரே, அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். டம்ளரைத் துடைத்து உன் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு, காலையில் சுற்றிக் காட்ட ஆள் இருப்பார்கள், மேலே போய்ப் பாருங்கள் என்று சொல்லிப் போனார்.

தூக்கம் வரவில்லை. ஒரு விளக்குத் திட்டத்தில் குடிசை குடிசையாக நாம் பல்பு மாட்டியது நினைவுக்கு வந்தது. ஸ்விட்சைப் போட்டதும் அந்தக் குழந்தைகள் கத்திய கத்தல் இருக்கிறதே, என் வேலையில் அதைவிடப் பெரிய சம்பளம் நான் வாங்கியதில்லை. அந்தப் பெருமையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கிடைக்காமல் இருட்டில் கிடப்பது ஒன்று, வேண்டாம் என்று ஒதுக்கி வைப்பது இன்னொன்று. வேண்டாம் என்று சொல்கிற இடத்துக்கு ஒரு ஜனம் வருவதற்கு, கீழே எல்லா வீட்டிலும் ஸ்விட்ச் வந்திருக்க வேண்டும். அந்த ஸ்விட்சுக்கான காசு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று யோசித்தால் மறுபடி அந்தப் பாட்டியின் கைப்பையில் போய் நிற்கிறது.

காலையில் மேலே போனோம். தனியாக ஏற விடுவதில்லை, அவர்கள் ஆள் கூடவே வருகிறார். வீடியோ கூடாது, போட்டோவுக்குச் சீட்டு வாங்க வேண்டும், கல்லறைப் பக்கம் கால் வைக்கக் கூடாது. எல்லாமே நியாயமான விதிகள். மண் பூசிய வீடுகள், மாடிக்கு மர ஏணிகள், வெளியே ரொட்டி சுடுகிற, கவிழ்த்த பானை மாதிரி மண் அடுப்புகள். 17-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரியார் இந்த ஜனங்களை வேலை வாங்கிக் கட்டிய பெரிய மாதா கோயில் ஒன்றும் இருக்கிறது. அதன் உத்தரங்களை முப்பது மைலுக்கு அப்பாலிருந்த மலையிலிருந்து, வழியில் தரையில் வைக்காமல் தோளிலேயே சுமந்து வந்தார்கள் என்று சொல்கிறார்கள். நிமிர்ந்து அந்த மரங்களைப் பார்த்தேன். கோயில் அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோயிலுக்கும் முந்திய கதை இது: 1598 டிசம்பரில் ஸ்பானியச் சிப்பாய்கள் சோறு தண்ணி கேட்டு இந்தப் பாறைக்கு வந்தார்கள். கேட்டது மேலே மேலே போய்ச் சண்டையானது, சிப்பாய்கள் சிலர் செத்தார்கள். அடுத்த மாதம் ஆளுநர் ஹுவான் தே ஒன்யாத்தே படையை அனுப்பினார். நூற்றுக்கணக்கான பேரைக் கொன்றார்கள், ஊரைக் கொளுத்தினார்கள், பிடிபட்டவர்களில் 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஒரு பாதத்தை வெட்டும்படி தண்டனை விதித்தார்கள். 1998 வாக்கில் இதே மாநிலத்தில் ஒன்யாத்தேயின் வெண்கலச் சிலையிலிருந்து யாரோ ராத்திரியோடு ராத்திரியாக வலது பாதத்தை அறுத்து எடுத்துப் போனார்கள். நானூறு வருஷமாகியும் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று கேட்க நமக்கு என்ன உரிமை? வாசலுக்கு வந்து கேட்டவர்களால் இப்படிச் சீரழிந்த ஜனம், முன்பின் தெரியாத எங்களுக்கு விளக்குக் கம்பத்தடியில் இடம் காட்டி, சௌகரியமா என்றும் கேட்டது. அதனால்தான் அந்தத் தண்ணீர்க் குழாய்க்காரர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தணியவில்லை.

இறங்கும் முன் ஒரு அம்மாவிடம் சின்னப் பானை ஒன்று வாங்கினோம். வெள்ளைப் பூச்சின் மேல் தலைமுடி பருமனில் கறுப்புக் கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல். கத்தாழை மாதிரி ஒரு செடியின் நாரைத் தூரிகையாக்கி வரைகிறார்கள். சுவர் அவ்வளவு மெல்லிசு, நகத்தால் சுண்டினால் ணங்கென்கிறது. உன் தங்கச்சி பட்டுப் புடவைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள், வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் மகனுக்குத் திட்டு.

இன்றைக்கு டம்ப் ஸ்டேஷனில் கழிவைக் காலி செய்து, தண்ணீர் நிரப்பியாயிற்று. அரிசோனாவுக்குள் வந்துவிட்டோம். மருமகள் குளிக்க வேண்டுமென்கிறாள், அதனால் இன்று காசு கொடுத்து ஹுக்கப் உள்ள இடத்தில்தான் தங்கல். சட்னியும் அரைத்தாயிற்று.

காவிரித் தண்ணி குழாயில் வந்த பிறகு ஊரணிப் பக்கம் யாரும் போவதில்லை, வடகரையில் கடை கட்டக் கல் இறக்கியிருக்கிறார்கள் என்று போன மாதம் போனில் சொன்னாயே, அது என்ன ஆயிற்று? கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பதென்றால் என் பெயரையும் சேர்த்துக்கொள். கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், டிசம்பரில் வந்ததும் முதல் வேலையாகப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்