கோட்டில் பட்டால் உள்ளே



போன இதழில் கிரிக்கெட் பற்றியே மூன்று கட்டுரை வந்துவிட்டது. அதனால் நான் டென்னிஸ் பற்றி எழுதுகிறேன். "டென்னிஸா? அது பணக்காரங்க வெளையாட்டாச்சே!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து இருப்பது இரண்டே ராக்கெட், ரோமம் உதிர்ந்து வழுக்கையான ஐந்து பந்து. ஒரு ராக்கெட் என் சித்தப்பா காலேஜில் ஆடியது. பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருக்கிறோம். அவ்வளவுதான் சொத்து.

எங்கள் ஊர் ஆபீசர்ஸ் கிளப்பில் ஒரு மண் கோர்ட் உண்டு. பெரியவர்கள் சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் லைட் போட்டு ஆட வருவார்கள். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் நாங்கள் ஆடிக்கொள்ள மார்க்கர் மாமாதான் கேட்டு வாங்கிக் கொடுத்தார். மார்க்கர் என்றால் பேனா இல்லை! கோர்ட்டைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஆள் குறைந்தால் தானும் இறங்கி ஆடுகிறவர். அவர் பையனும் எங்கள் நால்வரில் ஒருவன். கோடு போடுவதில் பாதி வேலை அவனுடையது என்பதால் 'லைன்மேன்' என்று பட்டப்பெயர். (ஈ.பி. லைன்மேன் இல்லை.) மற்ற இருவர் லெஃப்டு, தொப்பி. ஏன் அந்தப் பெயர் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் மாற்றி மாற்றி முழு செட் ஆட முடியுமா? அதனால் டை-பிரேக் மட்டும்தான். புத்தகப்படி, முதலில் ஏழு பாயிண்ட் எடுப்பவர் ஜெயிப்பார். ஆனால் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் இருக்கணும். முதல் ஆள் ஒரு பாயிண்டுக்கு சர்வ் போடுவார், அப்புறம் ஆளுக்கு இரண்டிரண்டு பாயிண்ட். ஆறு பாயிண்டுக்கு ஒரு தடவை பக்கம் மாறணும். இந்த இரண்டு வித்தியாசம்தான் எங்களுக்குச் சிக்கல். ஒருநாள் லெஃப்டும் தொப்பியும் 14-14 வரை இழுத்துக்கொண்டே போக, நானும் லைன்மேனும் ஓரமாக உட்கார்ந்து கொசு அடித்தோம். அன்றைக்கே சட்டம் போட்டோம்: ஆறுக்கு ஆறு ஆனால் அடுத்தது ஒரே பாயிண்ட். அதை எடுத்தவன் ஜெயித்தான்.

பி.டி. சாரிடம் பெருமையாகச் சொன்னோம். "டேய், நீங்க கண்டுபிடிச்சதை ஒருத்தர் எப்பவோ கண்டுபிடிச்சுட்டாரு" என்று சிரித்தார். டை-பிரேக்கை உருவாக்கியவர் ஜேம்ஸ் வான் ஆலன் என்ற அமெரிக்கராம். 1970ல் யு.எஸ். ஓப்பனில் அது வந்தபோது ஐந்து பாயிண்ட் எடுத்தாலே போதும். நாலுக்கு நாலு ஆனால் அடுத்த ஒரே பாயிண்டில் முடிவு! அப்புறம்தான் இரண்டு வித்தியாசம் நிலைத்தது. விம்பிள்டனில் கடைசி செட்டுக்கு டை-பிரேக் இல்லாத காலத்தில், 2010ல் இஸ்னரும் மஹூவும் ஆடிய ஆட்டம் மூன்று நாள் நடந்தது. மொத்தம் 11 மணி 5 நிமிடம். கடைசி செட் மட்டும் 70-68. எங்களுக்கு மூன்று நாள் கோர்ட் யார் தருவார்கள்?

இன்னும் சில சட்டங்கள் உண்டு. ஓரத்து வேப்ப மரத்தின் கிளை ஒன்று கோர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பந்து பட்டால், புத்தகப்படி அடித்தவனுக்குத்தான் நஷ்டம். மரம் செய்த தப்புக்கு மனுஷனைத் தண்டிப்பதா என்று நாங்கள் அந்தப் பாயிண்டை மறுபடி ஆடுவோம். காம்பவுண்ட் சுவரைத் தாண்டினால் அடித்தவனே போய், அந்த வீட்டுப் பாட்டியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, பந்தைக் கொண்டு வரணும். சர்வ் நெட்டில் உரசி உள்ளே விழுந்தால் புத்தகத்தில் 'லெட்', மறுபடி போடணும். எங்களிடம் லெட்டே கிடையாது. "உரசுச்சு", "இல்லடா உரசலே" என்று கால் மணி நேரம் போய்விடும் என்பதால் விழுந்தால் விழுந்ததுதான், ஓடி எடு.

கடைசிச் சட்டம்தான் முக்கியம். பந்து யார் பக்கம் விழுகிறதோ அவன் சொல்வதுதான் தீர்ப்பு. கோட்டில் பட்டால் உள்ளே. எதிராளி வாயே திறக்கக் கூடாது.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஞாயிறு காலை பெரியவர்கள் டபுள்ஸ் ஆடுவார்கள். அதில் வரும் டாக்டர் அங்கிள், "இந்த மாசம் உங்கள்ல யாரு அதிகமா ஜெயிக்கிறானோ, அவனை என் பார்ட்னரா சேத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். கணக்கை கிளப்பின் பின்சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தோம். கடைசி நாள் எனக்கும் லைன்மேனுக்கும் சமம். கடைசி ஆட்டம் எங்கள் இரண்டு பேருக்கும். அதுவும் ஆறுக்கு ஆறு!

அவன் சர்வ் போட்டான். நான் திருப்பினேன். அவன் ஃபோர்ஹேண்டில் ஓங்கி என் பின்கோட்டு மூலைக்கு அடித்தான். வெயில் கண்ணில் அடித்தது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பார்த்தேன். சுண்ணாம்பு தூசியாகப் பறந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே விரலைத் தூக்கி "அவுட்" என்றேன்.

லைன்மேன் ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். அப்புறம் வந்து கை கொடுத்தான். லெஃப்டு என் முதுகில் தட்டினான். வீட்டில் அம்மா தோசை சுட்டாள், எனக்கு இறங்கவில்லை.

தினமும் ஆறரைக்குக் கோர்ட்டைப் பெருக்கிவிடுவார்கள், தடமெல்லாம் போய்விடும். அன்றைக்கு என்று ஒரு பெரியவருக்குப் பணி ஓய்வு விருந்து. யாரும் ஆட வரவில்லை. மறுநாள் சாயங்காலம் போனால் கோர்ட் பளிச்சென்று பெருக்கி, தண்ணீர் தெளித்திருக்கிறது. அந்த மூலையில் மட்டும் ஒரு முழம் இடம் அப்படியே விட்டு, நடுவில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்திருந்தது!

"என்னடா இது?" என்றான் தொப்பி. லைன்மேன் பதில் சொல்லவில்லை, நெட்டைக் கட்டிக்கொண்டிருந்தான். நான்தான் போய் எடுத்தேன். வெள்ளைக் கோட்டைப் பிறை மாதிரி கடித்துக்கொண்டு பந்துத் தடம். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். "உள்ளதான்டா" என்றேன். குரலே வரவில்லை. "நேத்தே தெரியும் எனக்கு."

லைன்மேன் வந்தான். "ரூல் ரூல்தான். நீ அவுட்டுன்னா அவுட்டு. தெரியட்டும்னு வச்சேன், அவ்ளோதான். பெருக்கிடவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பெருக்கிவிட்டான். நான் எவ்வளவு சொல்லியும் ஞாயிற்றுக்கிழமை தான் ஆட மாட்டேன் என்று ஒரே பிடி.

ராத்திரி முழுக்கப் புரண்டு, காலையில் டாக்டர் அங்கிளிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அப்ப அந்த ஒரு பாயிண்டை இப்ப ஆடுங்க. நாங்க பாக்கறோம்" என்றார். பந்து பொறுக்க வந்திருந்த லைன்மேன் கையில் தன் ராக்கெட்டையே கொடுத்தார். நான்கு பெரியவர்கள், மார்க்கர் மாமா, எல்லோரும் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். எனக்குக் கை நடுங்கியது.

சர்வ் போட்டான். பந்து நெட்டின் மேல் பட்டியில் தட்டி, ஒரு கணம் யோசித்து, என் பக்கம் சொத்தென்று விழுந்தது. ஓடினேன். எட்டவில்லை.

"லெட்! லெட்! மறுபடி போடு" என்று பெரியவர்கள் கத்தினார்கள். லைன்மேனும் அடுத்த பந்தை எடுத்துவிட்டான்.

"எங்க ரூல்ல லெட் கிடையாது அங்கிள்" என்றேன்.

அன்றைக்கு லைன்மேன் டாக்டர் அங்கிளோடு ஆடினான். 6-4, 6-3 என்று தோற்றார்கள். நான் பந்து பொறுக்கிப் போட்டேன். மார்க்கர் மாமா கோர்ட்டுக்குள் வராமல், பெருக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை நின்றபடியே பார்த்தார்.

சட்டத்தையும் மாற்றிவிட்டோம். இப்போது சந்தேகம் வந்தால் இரண்டு பேரும் நடந்து போய்த் தடத்தைப் பார்ப்போம். பிரெஞ்சு ஓப்பன் மண் கோர்ட்டிலும் அம்பயர் நாற்காலியை விட்டு இறங்கி வந்து இப்படித்தான் பார்ப்பாராம். கொட்டாங்குச்சி நெட் கம்பத்தில் தொங்குகிறது.

பி.கு.: உங்கள் வீட்டுப் பரணில் பழைய டென்னிஸ் பந்து கிடந்தால் தயவுசெய்து கொடுங்கள். பாட்டி வீட்டில் இரண்டு பந்து மாட்டிக்கொண்டிருக்கிறது.

– 11ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு